சிரித்தவர்களை வெளியே அனுப்பியவர்

(பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: மாற்கு 5:21-43)



இன்றைய நற்செய்தியில் ஓர் இடத்தை நாம் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். யாயிர் என்பவரின் மகள் இறந்துவிட்டாள் என்று அவர் வீட்டில் ஒப்பாரி கேட்கிறது. சிறுமி சாகவில்லை, தூங்குகிறாள் என்கிறார் ஆண்டவர். அதுவரை ஓலமிட்டு அழுத கூட்டம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆண்டவர் அவர்களோடு வாதாடவில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. எல்லாரையும் வெளியே அனுப்பினார். சிறுமியின் தாய், தந்தை, தம்மோடு வந்த மூன்று சீடர்கள், இவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தார்.

அந்த வீட்டில் அவர் செய்த முதல் வேலை சிரிப்பை வெளியேற்றியது. இன்று அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் வீடுகளில் ஆறுதலுக்குப் பதிலாகச் சிரிப்பையே மருந்தாகப் பெறும் ஒரு துன்பம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை ஃபோபியா என்கிறார்கள். நாம் "பயந்தாங்கொள்ளி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சமையலறைச் சுவரில் பல்லி இருந்தால் உள்ளே கால் வைக்க முடியாத மருமகள். லிஃப்டில் ஏறாமல் ஐந்தாறு மாடி மூச்சிரைக்கப் படியேறும் பெரியவர். ஊசியைக் கண்டதுமே கண் இருண்டு சாயும் வாலிபர். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு டியூஷனுக்குப் போகும் பிள்ளை. இவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? பிளாஸ்டிக் பல்லியை வாங்கிவந்து மடியில் போடுகிறார் மாமா. அலறுவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான் தம்பி. "ஆம்பளைப் பிள்ளை ஊசிக்கு அழலாமா?", "இவ சும்மா சீன் போடுறா". அன்பான குடும்பங்களில்தான் இது நடக்கிறது. விளையாட்டு என்றே நினைக்கிறார்கள். சிரிக்கப்படுகிறவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைக்கிறார். அழுதால் இன்னும் கேலி செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பல்லி ஒன்றும் செய்யாது என்று அந்த மருமகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்பதில்லை, அதுதான் அவருடைய வேதனை. நம் மூளையில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு. ஆபத்து என்று அது கண்டுவிட்டால், நாம் யோசித்து முடிப்பதற்குள் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், கால்கள் ஓடத் தயாராகிவிடும். அறிவு பின்னால்தான் வந்து சேரும். ஆகவே அறிவுரை சொல்லி ஃபோபியாவைப் போக்க முடிவதில்லை. சாதாரண பயம் எல்லாருக்கும் உண்டு. அது ஆறு மாதமோ அதற்கு மேலோ விடாமல் நீடித்து, படிப்பையும் வேலையையும் நடமாட்டத்தையும் முடக்கும்போதுதான் மருத்துவர்கள் அதை நோய் என்று கணிக்கிறார்கள்.

இப்படி ஓர் அச்சம் மனிதருக்குள் எப்படிப் போகிறது? 1920இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். இன்று எந்த மருத்துவமனையும் அனுமதிக்காத சோதனை. ஆல்பர்ட் என்று அவர் பெயரிட்ட, ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. வெள்ளெலியோடு பயமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தது. குழந்தை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளுக்குப் பிறகு சத்தமே தேவைப்படவில்லை, எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. பிறகு முயல், நாய், மென்மயிர் மேலங்கி என்று அந்த அச்சம் பரவியது. அதைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழந்தை எந்த வகையில் கோழை? நம்மில் பலருக்கும் முதுகுக்குப் பின்னால் யாரோ எப்போதோ அடித்த கம்பி ஒன்று இருக்கலாம். சிலருக்குக் காரணமே நினைவில் இல்லாமலும் போகலாம்.

நான்கே ஆண்டுகளில், 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம்பெண் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்து காட்டினார். பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட குழந்தைக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. முயலைக் கண்டால் நடுக்கம். ஜோன்ஸ் அவனைத் திட்டவில்லை, முயலைத் தூக்கி மடியில் போடவும் இல்லை. அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். அவன் தின்றுகொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு எட்டத்தில் வைத்தார். பன்னிரண்டு அடி, பிறகு நான்கு அடி, பிறகு மூன்று அடி. அவன் தாங்கிக்கொள்ளும் அளவுக்குத்தான் முயல் நகர்ந்தது. முயலுக்குப் பயப்படாத வேறு பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டார். இடையில் பீட்டர் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தான். வெளியே வந்தபோது ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய்ந்தது. போன பயமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஜோன்ஸ் சலித்துக்கொள்ளாமல் மறுபடி தொடங்கினார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். முயல் அவன் விரலைக் கடிப்பதுபோல் கொறித்தபோதும் அழவில்லை.

இன்று உலகெங்கும் ஃபோபியாவுக்குக் கொடுக்கப்படும் சிகிச்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது. படிப்படியாக, நோயாளியின் சம்மதத்தோடு, நம்பிக்கைக்குரிய ஒருவர் பக்கத்தில் இருக்க, அஞ்சும் பொருளை நெருங்குவது. யாயிர் வீட்டில் ஆண்டவர் யாரை உள்ளே வைத்துக்கொண்டார் என்று யோசித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பல்லியை மடியில் போடும் மாமாவும் "பழகினா சரியாயிடும்" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் ஜோன்ஸுக்கும் உள்ள தூரம் அந்தப் பன்னிரண்டு அடிதான்.

2000ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'தெனாலி' படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கமல்ஹாசன் தமது பயங்களை வரிசையாக ஒப்பிக்கும்போது தியேட்டரே அதிர்ந்தது. நன்றாக எடுத்த நகைச்சுவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெனாலி யார்? இலங்கைப் போரில் காணக்கூடாததைக் கண்டு தப்பி வந்த ஈழத்தமிழன். அந்தப் பட்டியலை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். அதன் பின்னால் இருந்த போரை மறந்துவிட்டோம். நம் வீட்டுப் பயந்தாங்கொள்ளிக்கும் ஒரு முன்கதை இருக்கலாம். அவர் சொல்லாதது நாம் கேட்காததால்தான்.

கேட்பது என்றதும் இன்றைய நற்செய்தியின் நடுவில் வரும் பெண்ணைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் நோயோடு போராடி, கையிலிருந்த பணத்தையெல்லாம் வைத்தியர்களிடம் தொலைத்தவர். யாயிர் வீட்டுக்குப் போகும் வழியில், உடல் நடுங்க வந்து ஆண்டவர்முன் விழுகிறார். அங்கே யாயிரின் மகள் சாகக் கிடக்கிறாள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இருந்தும் அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஆண்டவர் நின்று கேட்டார். "எதற்கு நடுங்குகிறாய்?" என்று அவர் கேட்கவில்லை. மகளே என்று அழைத்தார்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வீட்டார் கேலி ஒரு வகை. பக்தியின் பெயரால் வரும் கேலி அதைவிட ஆழமாக வெட்டும். "செபமாலையைச் சொல்லு, பயம் போயிடும்", "உனக்கு விசுவாசம் பத்தாது", "எதுக்கும் ஒரு சாமியாரிடம் மந்திரிச்சுப் பாரு." அஞ்சாதே என்று விவிலியத்தில் 365 முறை, நாளுக்கு ஒன்றாக, வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு கணக்குச் சுற்றுகிறது. அந்தக் கணக்கு சரியல்ல. எத்தனை முறை வந்தாலும் அது அதட்டலாக வருவதில்லை. யாயிரிடம் அஞ்ச வேண்டாம் என்று சொன்னவர், சொல்லிவிட்டுத் தம் வழியே போகவில்லை, அவரோடு வீடுவரை நடந்தார். கெத்சமனியில் அவரே கலங்கித் துயருற்றார், வியர்வை தரையில் சொட்டும்வரை. அப்போது சீடர்களிடம் அவர் கேட்டதெல்லாம் கொஞ்ச நேரம் தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதுதான். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

இந்தப் பயத்தையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். உணர்ச்சிகள் தம்மளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல என்பது திருச்சபையின் தெளிவான போதனை. மறைக்கல்வி நூலின் 1767ஆம் எண்ணில் அது இருக்கிறது. பல்லிக்கு அஞ்சுவது பாவமல்ல. அஞ்சுகிறவரை வேண்டுமென்றே அலறவைத்துப் படம் பிடிப்பது பிறரன்புக்கு எதிரானது. அதை வேண்டுமானால் பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ஊசிக்கு மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் அதிகம் கேலிக்கு ஆளாகும் ஆண்கள் அவர்கள்தாம். மற்ற ஃபோபியாக்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி சார்ந்த ஃபோபியாவில் ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், அதனால்தான் மயக்கம். அதில் வீரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்து, தளர்த்தி, மறுபடி இறுக்கினால் அழுத்தம் விழாமல் நிற்கும். லார்ஸ் ஓஸ்ட் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் இதை ஒரு சிகிச்சையாகவே வகுத்தார். நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிப் படுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கேலிக்குப் பயந்து சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவரும், இன்சுலின் வேண்டாம் என்கிறவரும் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்த இழப்பில் சிரித்தவர்களுக்கும் பங்கு உண்டு.

நம் கோயிலைப் பற்றியும் ஒன்று. கடைசி பெஞ்சில் கதவோரம் உட்காருகிறவர்களை நாம் அரைகுறை விசுவாசிகள் என்று எடைபோடுகிறோம். கூட்டத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள். வெளியே போகும் வழி கண்ணில் பட்டால்தான் அவர்களால் திருப்பலி முழுவதும் உள்ளே இருக்க முடியும். பாஸ்கு இரவில் இருட்டுக்கும், திருவிழாவில் வெடிக்கும் வாணவேடிக்கைக்கும் அஞ்சுகிறவர்கள் உண்டு. வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பொறுப்பாளர்களே, வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். முன்னால் வாருங்கள் என்று யாரையும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, மற்றவர்கள் இல்லாத நேரத்தில், அவரிடம் எப்போது இது தொடங்கியது என்று கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கே சிரிக்காதீர்கள், உபதேசமும் வேண்டாம். வைத்தியம் தேவைப்பட்டால் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போக வெட்கமாக இருந்தால், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. பகலிலும் இரவிலும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது குறித்துக்கொள்ளுங்கள்.