கடனும் கடமையும்: கரியமிலவாயு அகற்றலில் மாணவர் பங்கு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது வித்துரா என்னும் சிற்றூர். அகத்தியமலைக் காடுகளின் அடிவாரமாகவும் காணிக்காரப் பழங்குடியினரின் வாழ்நிலத்தை ஒட்டியதாகவும் விளங்கும் இவ்வூரில், 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையான வளாகம் அமைந்துள்ளது. இத்தகைய நிறுவனமொன்றில் 2025இல் தம் பதினெட்டாம் அகவையில் சேர்ந்த மாணவர், இந்தியா நிகரச் சுழிய உமிழ்வை எய்துவதாக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்த 2070ஆம் ஆண்டில் அறுபத்து மூன்று அகவையினராக இருப்பார். அவருடைய உழைப்புக் காலம் முழுவதும் அவ்விலக்கிற்கு உட்பட்டதாகும்.

காற்றில் கலந்துவிட்ட கரியமிலவாயுவைத் திரும்ப எடுக்கும் தொழில்நுட்பங்களில் ஈடுபடுமாறு உலகெங்கும் மாணவர்கள் அழைக்கப்படுகின்றனர். அவ்வாயுவின் பெரும்பகுதி அவர்கள் பிறப்பதற்கு முன்னரே உமிழப்பட்டதாகும். தாம் செய்யாத பிழையைத் திருத்தும் பொறுப்பு ஒருவருக்கு உண்டா? உண்டெனில் அதன் எல்லை யாது? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

அகற்றலின் இயல்பும் அளவும்

தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றின் பத்து இலட்சம் பகுதிகளில் ஏறத்தாழ 280 பகுதிகளாக இருந்த கரியமிலவாயு, 2024இல் 420 பகுதிகளைக் கடந்துவிட்டது. உமிழப்படும் வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்குவதால், உமிழ்வை நிறுத்துவதனால் மட்டும் முன்னர்ச் சேர்ந்தது மறைந்துவிடாது. முற்றிலும் தவிர்க்கவியலாத எஞ்சிய உமிழ்வுகளை ஈடுசெய்து நிகரச் சுழியத்தை எய்துவதற்கு அகற்றல் இன்றியமையாதது எனப் பன்னாட்டு அரசுகளின் பருவநிலை மாற்றக் குழு 2022இல் தெரிவித்தது.

இத்துறையில் மாணவர்களின் பங்கு புதியதன்று. காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இளைஞர் இருவர் 2009இல் தொடங்கிய நிறுவனத்தின் தொழில்நுட்பம், 2016இல் தூத்துக்குடிக் காரத் தொழிற்சாலையில் செயற்படத் தொடங்கியது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டிற்கு 60,000 டன் கரியமிலவாயுவைப் பிரித்துச் சோடா உப்புத் தயாரிப்பிற்குப் பயன்படுத்துவது அதன் திட்டமாகும். அதே 2009இல், சூரிச்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இருவர் தொடங்கிய நிறுவனம், 2021இல் ஐசுலாந்தில் ஆண்டிற்கு 4,000 டன் வாயுவைக் காற்றிலிருந்து நேரடியாகப் பிரிக்கும் நிலையத்தை நிறுவியது. 2021 நவம்பரில், எக்ஸ்பிரைஸ் அறக்கட்டளை உலகெங்குமிருந்து தெரிவு செய்த 23 மாணவர் குழுக்களுள் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் குழுவும் ஒன்றாக இடம்பெற்று, 2,50,000 டாலர் நல்கையைப் பெற்றது.

இங்கு இரு செய்திகள் தெளிவுபடுத்தப்பட வேண்டும். முதலாவது, பிடித்தலும் அகற்றலும் ஒன்றல்ல. புகைபோக்கியில் பிடிப்பது புதிய உமிழ்வைக் குறைக்கிறது. காற்றிலிருந்து எடுத்து நெடுங்காலம் பூட்டி வைப்பதே பழைய உமிழ்வைக் குறைக்கிறது. பிடித்த வாயு ஒரு பொருளாகிப் பின் அப்பொருளின் பயன்பாட்டில் மீண்டும் வெளியேறுமாயின் அதனை அகற்றல் என்றல் பொருந்தாது. இரண்டாவது, அளவு பற்றியது. உலகில் நிலக்கரி, எண்ணெய், எரிவளி முதலியவற்றால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமிலவாயு உமிழப்படுகிறது. இக்கணக்கின்படி ஐசுலாந்து நிலையம் ஓராண்டு முழுவதும் பிரிக்கத் திட்டமிட்ட அளவை உலகம் நான்கு நொடிகளுக்குள் உமிழ்ந்துவிடுகிறது. தூத்துக்குடித் திட்டத்தின் ஓராண்டு அளவும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கும். மாணவர் முயற்சியின் மதிப்பை இவ்வளவு கொண்டு மறுத்தல் கூடாது. அதே வேளையில் இவ்வளவை மறைத்து அம்முயற்சியைப் போற்றுதலும் கூடாது.

கடன் என்னும் சொல்லின் இருபொருள்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் கடமையையும் குறிக்கும். திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். இவ்விரு பொருள்களும் மயங்குவதே இச்சிக்கலின் வேர் எனலாம். திருப்பித் தரவேண்டிய கடன், பெற்றவரைச் சாரும். கடமையாகிய கடன், ஆற்றலும் வாய்ப்பும் உடையவரைச் சாரும். முன்னதற்குக் கடந்தகாலச் செயல் அடிப்படை. பின்னதற்கு நிகழ்காலத் தேவை அடிப்படை.

2018 ஆகத்து மாதப் பெருவெள்ளத்தில் கேரளக் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று மக்களைக் காத்தமை இவ்வேறுபாட்டினை நன்கு விளக்குகிறது. அவ்வெள்ளத்திற்கு அவர்கள் காரணரல்லர். படகும் நீரறிவும் அவர்களிடம் இருந்தமையே அவர்களுடைய கடமைக்கு அடிப்படையாயிற்று. எனினும், அவர்கள் காத்தமையால் நிலப்பயன்பாட்டிற்கும் நீர்த்தேக்க மேலாண்மைக்கும் பொறுப்புடையோரின் விடையிறுக்கும் கடன் தீர்ந்துவிடவில்லை. ஒருவர் கடமையாற்றுவதால் மற்றொருவர் கடன் கழியாது என்பது இதனாற் பெறப்படும்.

அகற்றல் நுட்பங்களைக் கற்ற மாணவரும் படகுடைய மீனவரை ஒப்பர். அவருடைய அறிவு அவர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. ஆனால் அவர் கடனாளி அல்லர். ஆண்டிற்குத் தலைக்கு ஏறத்தாழ 2 டன் கரியமிலவாயு உமிழும் இந்தியாவில் பிறந்த இளைஞரை, 14 டன் அளவில் உமிழும் அமெரிக்கச் சமுதாயத்தோடு ஒரே நிரையில் வைத்துக் கடனாளி என்பது நீதியாகாது.

பொன்முடியார் பாடலும் கடமை வரிசையும்

புறநானூற்றின் 312ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. வித்துராவை அடுத்த மலையின் பெயரோடு அப்புலவரின் பெயர் ஒத்திருப்பது தற்செயலாகலாம்; ஆனால் அப்பாடலின் கருத்து இவ்வாய்விற்குப் பெரிதும் துணைசெய்கிறது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோரின் கடமைகளை ஒவ்வொன்றாக வகுத்துரைத்த பின்னரே இளைஞனின் போர்க்கடமை அதில் இறுதியாகக் கூறப்படுகிறது. பெற்றோர், தொழிலாளர், அரசு ஆகிய அனைவரும் தத்தம் பங்கினை ஆற்றிய சமுதாயமே இளைஞனிடம் பங்கினைக் கேட்கும் தகுதி பெறுகிறது என்பது இவ்வரிசைமுறையால் உணரப்படும். மேலும், களத்திலிருந்து மீண்டு வருதலும் அவ்விளைஞனின் கடமையுள் அடங்குகிறது. அழிந்துபோகுமாறு அவன் பணிக்கப்படவில்லை. முன்னையோர் செய்த பிழையின் சுமை முழுவதையும் ஒரு தலைமுறையின் வாழ்வின்மீது ஏற்றுதல் இம்மரபிற்கு முரணானது.

இன்றைய நிலையோ வேறாக உள்ளது. நாளை அகற்றிவிடலாம் என்னும் நம்பிக்கை இன்று உமிழ்வதற்குச் சாக்காக அமைகிறது. நாளை அகற்றப்போகின்றவர் இன்றைய மாணவர். ஆகவே, அவருடைய இசைவைப் பெறாமலே அவர் பெயரில் முன்னையோர் மேலும் கடன் வாங்குகின்றனர் என்று கூறுதல் மிகையாகாது. அவ்வாறு தம் பெயரில் வாங்கப்படும் கடனை இளையோர் தட்டிக்கேட்டதும் உண்டு. 2017இல் ஒன்பது அகவைச் சிறுமி ஒருத்தி பருவநிலை நடவடிக்கை வேண்டித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டமை இங்கு நினைக்கத்தக்கது. அம்மனு 2019இல் தள்ளுபடி செய்யப்பட்டது. எனினும், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளினின்றும் காக்கப்பெறும் உரிமை மக்களுக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் 2024இல் ஏற்றுக்கொண்டது. 2024 சூலை 30ஆம் நாள் வயநாட்டு நிலச்சரிவில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளார்மலை அரசுப் பள்ளியும் சிதைந்தது. அன்றைய பெருமழை பருவநிலை மாற்றத்தால் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுந்திருந்ததெனப் பன்னாட்டு ஆய்வறிஞர் கணித்தனர். இளையோர் ஏற்கெனவே விலை கொடுத்து வருகின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நிலமும் இசைவும்

அகற்றல் ஆய்வகத்தோடு முடிவதன்று. அது பிறர் நிலத்திலும் நிகழ்வது. 2025இல் எக்ஸ்பிரைஸ் தலைப்பரிசாகிய 5 கோடி டாலரைப் பெற்ற மாட்டி கார்பன் நிறுவனம், இந்தியச் சிறு உழவர்களின் வயல்களில் எரிமலைப் பாறைத் தூளைத் தூவும் முறையைக் கையாள்கிறது. மழைநீரில் கரைந்த கரியமிலவாயு பாறைத் தூளோடு வினைபுரிந்து வேறு வடிவம் பெற்று, ஆற்றின் வழியே கடலையடைந்து நெடுங்காலம் தங்குகிறது. இவ்வினையை மண்ணிலும் நீரிலும் அளந்தறிதல் கடினம். அளவை மிகைப்படுத்தினால், நிகழாத அகற்றலைக் காட்டி மெய்யான உமிழ்வு நியாயப்படுத்தப்படும். ஆதலின் இத்துறையில் பிழையான அளவீடு அறிவியல் குறையாக மட்டுமன்றி அறக்குறையாகவும் ஆகிறது.

நிலத்திற்குரியோரின் பங்கு பற்றிய முன்மாதிரி வித்துராவின் அண்மையிலேயே உண்டு. ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையைப் பற்றிக் காணிக்காரர் 1987இல் அறிவியலாளர்க்கு உணர்த்தினர். அதிலிருந்து உருவான மருந்தின் உரிமத்தொகையிலும் பங்குத்தொகையிலும் பாதியைப் பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அம்மக்களுக்கு ஒதுக்கியது. அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பெற்றது. அறிவைத் தந்தவர்க்குப் பயனிலும் பங்கு உண்டு என்னும் அந்நெறி, நிலத்தைத் தருவோர்க்கும் பொருந்தும். மலையடிவாரத்திலோ வயலிலோ ஆய்வு மேற்கொள்ளும் மாணவர், அந்நிலத்து மக்களின் இசைவையும் பங்கையும் உறுதிசெய்த பின்னரே தம் பணியைத் தொடங்கவேண்டும்.

நிறைவுரை

இவ்வாய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன. கரியமிலவாயு அகற்றலில் மாணவர்க்குக் கடமை உண்டு. அது அவர்தம் அறிவிலிருந்து பிறப்பதேயன்றிக் குற்றத்திலிருந்து பிறப்பதன்று. மெய்யாக அளத்தல், தோல்வியையும் வெளியிடுதல், நிலத்திற்குரியோரை மதித்தல் ஆகியன அக்கடமையின் உறுப்புகளாகும். தம் ஆய்வைக் காட்டி உமிழ்வைத் தொடர முனைவோரிடம் அதன் அளவு எவ்வளவு சிறிதென எடுத்துரைத்தலும் அக்கடமையுள் அடங்கும். திருப்பித் தரவேண்டிய கடனோ உமிழ்ந்தோரிடமே நிற்கிறது. உமிழ்வை உடனடியாகக் குறைத்தலும் அகற்றலுக்கான செலவை ஏற்றலும் அவர்கள் அதனைத் தீர்க்கும் வழிகளாகும். மூத்தோர் தம் பங்கினைச் செய்யாதவிடத்தும் இளையோர் பணியாற்றுதல் கூடும். ஆயின் அப்பணி மூத்தோர்க்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.