இழந்த பணத்தைத் திருப்பிக் கேட்பது பாவமா?

அண்மையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது ஒரு தாய் என்னிடம் வந்தார். மகளுக்குத் தையல் இயந்திரம் வாங்குவதற்காக, கைத்தொலைபேசியில் கண்ட விளம்பரத்தை நம்பி, விற்பவர் கொடுத்த வங்கிக் கணக்குக்கு 38,000 ரூபா அனுப்பியிருந்தார். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு. மூன்று நாளில் பொருள் வீடு வந்து சேரும் என்றார்களாம். மூன்று கிழமையாகியும் வரவில்லை. அழைத்தால் எடுப்பாரில்லை, செய்தி அனுப்பினால் மறுமொழியுமில்லை.

ஆனால் அவர் என்னிடம் கேட்டது வேறு. “சுவாமி, நான் பொலிசுக்குப் போகலாமோ? மன்னிக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் சொன்னீர்களே. பேசாமல் விட்டுவிடுவதுதான் புண்ணியமோ?”

அன்பான வாசகரே, இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. ஆகவே அவருடைய அனுமதியுடன் அதனை உங்கள் முன் வைக்கிறேன்.

அங்கியைக் கேட்பவனுக்கு மேலாடையையும் விட்டுவிடும்படி மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் போதித்தது உண்மை. தனக்குரியதைத் தானே மனமுவந்து விட்டுக்கொடுப்பது உயர்ந்த புண்ணியம். ஆனால், “ஏமாந்தேன் என்று தெரிந்தால் ஊர் சிரிக்குமே” என்ற வெட்கத்தினாலோ, அலைச்சலுக்கு அஞ்சியோ வாய் மூடியிருப்பது விட்டுக்கொடுத்தல் ஆகாது. அதற்குப் புண்ணியம் என்று பெயர் சூட்டி நம்மை நாமே தேற்றிக்கொள்ளக் கூடாது. மேலும் அந்தக் காசு தாயினுடையது மட்டுமா? ஒரு மகளின் பிழைப்பும் அதில் அடங்கியிருந்தது. கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே ஆண்டவர், தலைமைக் குருவின் முன் காவலன் அறைந்தபோது, ஏன் அறைந்தாய் என்று நியாயம் கேட்டார். பகையின்றி நியாயம் கேட்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் அவன் வீட்டில் விருந்துண்டார், அவனை ஏற்றுக்கொண்டார். சக்கேயுவோ, எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக எழுந்து நின்று சொன்னான். மன்னிப்புப் பெற்றவனின் மனமாற்றம் அவன் பணப்பையிலும் தெரிந்தது. திருப்பிக் கொடுக்க இயன்றும் கொடாதவனின் மனத்துயர் உண்மையானதன்று என்பது புனித அகுஸ்தீனாரின் போதனை. அதனைப் புனித தோமஸ் அக்குவினாரும் தமது இறையியல் தொகுப்பில் எடுத்தாள்கிறார். ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, நமது நியாயத்தைக் கேட்பதோடு, ஏமாற்றியவர் மனந்திரும்புவதற்கான வழியையும் காட்டுகிறோம். மன்னிப்பு நம் உள்ளத்துப் பகையை நீக்குவது. ஈடுசெய்தல் அவர் கையிலுள்ள அநீதியை நீக்குவது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்காது.

அப்படியானால் எவ்வாறு கேட்பது? குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசவும், பின்பு சாட்சிகளோடு செல்லவும், அதன்பின் சபையிடம் சொல்லவும் மத்தேயு நற்செய்தி படிமுறை வகுக்கிறது. விற்பவர் நோயுற்றிருக்கலாம், அவர் வீட்டில் துக்கம் நேர்ந்திருக்கலாம். ஆதலால் முதலில் இன்ன திகதிக்குள் பொருளையோ பணத்தையோ தரவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் வங்கிக்குச் செல்வதை மட்டும் நாளைக்கு என்று வைக்காதீர்கள். வங்கிமூலம் அனுப்பிய பணம் நமது சொந்தக் கட்டளைப்படி சென்ற பணம். மற்றவரின் கணக்கில் விழுந்தபின், அவருடைய சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இன்றி அதை மீட்டெடுப்பது வங்கிக்கு எளிதன்று. தாமதமின்றி அறிவித்தால், பணம் இன்னும் எடுக்கப்படாமலிருக்கும் பட்சத்தில், உங்கள் வங்கி மற்ற வங்கியோடு தொடர்புகொண்டு ஏதேனும் செய்ய வழியுண்டு. வங்கிக்கு அறிவிப்பது எவர்மீதும் பழி சுமத்துவதாகாது. விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். அவற்றோடு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களை விசாரிக்கவென்றே ஒரு பிரிவும் உண்டு. விற்பவர் வியாபாரியாயின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். வங்கியே உங்கள் முறைப்பாட்டைக் கவனியாது விட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்” என்று வருபவர்களை நம்பாதீர்கள். அதுவும் பெரும்பாலும் அதே வலையின் இன்னொரு கண்ணிதான்.

நியாயம் கேட்கும்போது நாமே அநீதி செய்துவிடவும் கூடாது. கோபத்தில் ஒருவரின் பெயரையும் படத்தையும் “கள்ளன்” என்று ஊரெங்கும் பரப்புகிறவர்கள் உண்டு. அந்தப் படம் களவாடப்பட்டதாயிருக்கலாம். அந்தக் கணக்கு வேறொருவருடையதாயிருக்கலாம். குற்றமற்றவரின் நற்பெயரைக் கெடுத்தால், அதையும் ஈடுசெய்யும் கடமை நமக்கு வந்துவிடும்.

இங்கே இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. “உன் கணக்கில் கொஞ்சக் காசு விழும்; எடுத்துத் தந்தால் உனக்கும் ஒரு பங்கு” என்று யாரேனும் கேட்டால் இணங்காதீர்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லையே என்ற சாட்டு செல்லாது. அறிந்துகொண்டே களவுக்குத் துணைபோனவனும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது திருச்சபையின் பழைய போதனை. ஒருவேளை இதை வாசிக்கும் எவரேனும் அப்படிச் செய்திருந்தால், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வரும்போது, திருப்பிக் கொடுக்கும் தீர்மானத்தையும் கொண்டு வாருங்கள்.

ஏமாந்தவரின் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். “உனக்குப் புத்தி இல்லையா?” என்று ஏசாதீர்கள். நம்பியது குற்றமன்று, நம்பிக்கையை விற்றுப் பிழைத்ததே குற்றம். வீட்டில் ஏச்சு விழும் என்று அஞ்சுபவர் வெளியே சொல்லமாட்டார். அவர் சொல்லாத ஒவ்வொரு நாளும் இன்னொரு குடும்பம் அதே கணக்குக்குப் பணம் அனுப்பக்கூடும்.

அந்தத் தாய் மறுநாளே வங்கிக்கும், அங்கிருந்து பொலிஸ் நிலையத்துக்கும் போனார். இன்றுவரை பணம் வந்து சேரவில்லை. சென்ற ஞாயிறு அவரைக் கண்டபோது, “வருமோ தெரியாது சுவாமி. ஆனால் இப்போது அந்த ஆளுக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல முடிகிறது” என்றார். முறைப்பாட்டை அவர் மீளப் பெறவில்லை. இரண்டும் ஒரே உள்ளத்தில் இருக்கலாம் என்பதே அவர் கேட்ட கேள்விக்கு விடை.