கபாலத்தில் இட்ட சோறு

மேல்மலையனூர் அங்காளம்மன் தலக்கதையில், சிவன் கையில் ஒட்டிய பிரம்ம கபாலம் இட்ட சோற்றையெல்லாம் தானே விழுங்கிவிடுகிறது. இட்டதாலேயே உணவு சிவனைச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா? கணினியில் சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரலுக்கும் இதே கேள்விதான். சாதனங்களை இணைக்கும் பிசிஐ தடத்தில் எழுதிய மதிப்பு, சாதனத்தை எட்டும் முன்பே எழுதியாயிற்று என்று கணக்காகிவிடும். திரும்பப் படித்தால்தான் உறுதி. சாதனமே கழன்றிருந்தால், படிக்கும் 32 பிட்டும் பொதுவாக 1 என்றே வரும். ஒரு பிட் 0 ஆகட்டும் என்று கெடுவின்றிக் காத்திருக்கும் நிரல் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

எதை எப்போது நம்பலாம் என்ற இந்தக் கேள்வியில் இந்தியத் தத்துவ மரபுகளும் பிரிகின்றன. அறிவு தன்னளவிலேயே மெய், பிழை தெரியும்வரை ஐயம் வேண்டாம் என்பது மீமாம்சை. பிறிதொன்றால் சோதித்தே மெய் நிலைபெறும் என்பது நியாய தரிசனம். வன்பொருள் விஷயத்தில் நியாயமே சரி. ஆனால் சோதனைக்கும் சோதனை கேட்டால் முடிவேது என்ற மீமாம்சகரின் மறுப்பு வலுவானது. அதனால்தான் நல்ல டிரைவர் காலக்கெடு வைக்கிறது. கெடு கடந்தால் பிழைக்குறியை மேலே அனுப்பிவிடுகிறது.