பேச்சிலும் அளவு குறையாதிருக்கட்டும்

 

கேமரன் மலை வாக்காளர்கள் ஒன்பது மாதத்திற்குள் இருமுறை வாக்களித்தது நினைவிருக்கும். 2018 மே 9இல் பொதுத்தேர்தல் நடந்தது. அதன் முடிவைத் தேர்தல் நீதிமன்றம் ரத்துச் செய்தபடியால், 2019 ஜனவரி 26இல் இடைத்தேர்தல் வந்தது. இரண்டிலும் தேசிய முன்னணியும் நம்பிக்கைக் கூட்டணியும் எதிரெதிரே நின்றன. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலிலும் அவ்வாறே நின்றன. எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டாமற்போகவே, அடுத்த சில நாட்களில் அவ்விரு அணிகளும் சேர்ந்தே அரசாங்கம் அமைத்தன.

தலைவர்கள் கூடியதை நாம் குறை சொல்லவில்லை. நம் கேள்வி வேறு. அவர்களுக்காக முகம் முறித்துக்கொண்ட அத்தாவும் மகனும், மாமுவும் மருமகனும் மீண்டும் ஒரே ஸஹனில் கைவைத்து உண்டார்களா? கூட்டாக நடத்தும் கடையில், பங்காளிகள் இருவர் பேசாமலிருந்தால் பரக்கத் எங்கிருந்து வரும்? 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதினருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆகவே ஒரே வீட்டில் பாட்டனாரும் பேரனும் வாக்காளர்கள். கருத்து மாறுபடுவது இயற்கையே. அதை எப்படிப் பேசுவது என்பதே நாம் கற்க வேண்டியது.

வியாபாரிகளாகிய நமக்குத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் நன்கு தெரியும். வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு என அது எச்சரிக்கின்றது. ஒரு கிலோ தேயிலைத் தூளில் சிறிது குறைந்தாலும் அஞ்சுகின்ற நாம், பேச்சில் என்ன செய்கிறோம்? நாம் பேசுவதை எல்லோரும் முழுமையாகக் கேட்கவேண்டும் என்கிறோம். மச்சான் வாய்திறந்தால் பாதியிலே வெட்டுகிறோம். நம் கட்சியின் தவறுக்குக் காரணம் தேடுகிறோம்; அவர் கட்சியின் தவறுக்கு அவரையே குற்றவாளியாக்குகிறோம். வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படியா? இதுவும் அளவில் மோசமன்றோ!

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் தந்தையோடு பேசிய முறையை மர்யம் அத்தியாயத்தில் காண்கிறோம். தந்தையோ சிலைகளை வணங்கியவர். அவரிடம் மகனார் நான்கு தடவை தந்தையே என்று உறவுமுறை சொல்லியே எடுத்துரைத்தார்கள். கல்லாலடிப்பேன் என்று அவர் மிரட்டிய பின்னும், ஸலாம் கூறி, அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடுவதாக வாக்களித்தார்கள். கொள்கையில் இம்மியும் தளரவில்லை; மரியாதையையும் கைவிடவில்லை. ஈமானிலேயே மாறுபட்ட தந்தையிடம் அப்படியென்றால், சாலைக்கும் விலைவாசிக்கும் தொழிலாளர் பெர்மிட்டுக்கும் மாறுபடுகின்ற நம் அத்தாவிடம் எவ்வளவு பணிவு வேண்டும்!

ஆகவே சகோதரர்களே, அத்தா, காக்கா, தம்பி என்றழைத்தே பேச்சைத் தொடங்குங்கள். அவர் சொன்னதை, ஆம், அதுதான் என்று அவரே ஒப்பும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் பின் உங்கள் மறுப்பைக் கூறுங்கள். கல்லாவின் முன்னால், வாடிக்கைக்காரர் எதிரில் இந்த வாதம் வேண்டாம். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அதிலும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்றும், இருவரில் முந்தி ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் அவர்கள் போதித்திருக்கிறார்கள்.

தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ, 2018 முதற்கொண்டு இன்னும் பேசாதிருக்கும் உறவினர் எவருக்கேனும் இருந்தால், வரும் ஜும்ஆவுக்கு முன்னரே அவர் கடைக்கு நீங்களே நடந்து சென்று ஸலாம் சொல்லுங்கள். யார் சொன்னது சரி என்பதை அன்று பேச வேண்டாம்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் தராசைப் போலவே நம் நாவையும் நேர்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.