தெளிவும் பார்வையும்

காண்பதற்கும் அறிவதற்கும் இடையே ஒரு தூரம் உண்டு. கருவிகள் வளர வளர அத்தூரம் குறையும் என்பது இக்காலத்தின் நம்பிக்கை. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கி, 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பை ஆரம்பித்த காலத்தில், திரையிற் படம் 625 கோடுகளால் ஆக்கப்பட்டது. இன்று கடைகளில் விற்கப்படும் உயர்ரகப் பெட்டியின் திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. கைத்தொலைபேசியின் படக்கருவியோ கோடிக்கணக்கில் புள்ளிகளைப் பதிகின்றது. இவ்வளர்ச்சி விலைகொடுத்துப் பெறத்தக்கதுதானா என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வைத்து இதனை ஆராய்வது பொருத்தமானது. ஏனெனில், அங்கு ஒவ்வொரு செலவும் நாட்சம்பளத்தாலேயே அளக்கப்படுகின்றது.

பழைய லயன் அறைகள் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவை. ஒரு சுவரோரம் 32 அங்குலப் பெட்டி இருக்க, எதிர்ச்சுவரில் சாய்ந்தமர்ந்து குடும்பம் அதனைப் பார்க்கின்றது எனக் கொள்வோம். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கினும் குறுகிய கோண இடைவெளியில் அமைந்த இரு புள்ளிகளைச் சாதாரண கண் பிரித்தறிவதில்லை. பத்தடித் தூரத்தில் அவ்வெல்லை சுமார் 0.9 மில்லிமீற்றர். இருபது இலட்சம் புள்ளிகளையுடைய 32 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலமோ சுமார் 0.37 மில்லிமீற்றர். எனவே, அதனினும் நுண்ணிய திரை அவ்வறையிற் கண்ணுக்கு எதனையும் கூடுதலாகத் தராது. பெருந்திரையை அருகிருந்து காண்போர்க்கு வேறுபாடு தெரியலாம். ஆயினும், ஒளிபரப்பில் இல்லாத நுணுக்கத்தை எத்திரையும் மீட்டுத்தர இயலாது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்டியது 2021இல்தான். பின்னர் அது உயர்ந்தபோதும், தவணைமுறையில் உயர்ரகப் பெட்டி வாங்கும் குடும்பம், தன் கண்ணாற் காணவியலாத புள்ளிகளுக்காகப் பல நாள் உழைப்பைக் கொடுக்கின்றது. தம் வீட்டுப் பெட்டி பிறருடையதினும் தாழ்ந்ததன்று என்ற பெருமிதமே அவ்விலைக்குக் கிடைப்பது. அதனை எள்ளி நகையாடுவது எளிது. தலைமுறை தலைமுறையாகத் தாழ்வாக நோக்கப்பட்ட மக்களிடம் அப்பெருமிதம் தோன்றுவது இயல்பே. ஆயின், வேட்கை நியாயமானது என்பதனால் அதற்குக் கேட்கப்படும் விலையும் நியாயமாகிவிடாது.

படம் எடுப்போரின் பக்கம் திரும்பினாலும் இவ்வினா தீர்வதில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் புகைப்படக் கலைஞர், மென்மையாக மங்கிய படங்களுக்காகவே பேர்பெற்றவர். கவிஞர் தெனிசன் முதலியோரை அவர் எடுத்த படங்கள், மங்கலாயினும் மனிதரை உணர்த்துவன. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் தோன்றும் உள்ளூர் மக்களோ பெரும்பாலும் பெயரின்றியே எஞ்சியுள்ளனர். புள்ளிகளை எத்துணை பெருக்கினும் அப்பெயர்கள் கிடைக்கப்போவதில்லை. கேட்டிருந்தால் மட்டுமே கிடைத்திருக்கும். இன்று கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படமெடுத்துச் செல்லும் பயணி, அவள் விரலின் வெடிப்பையும் துல்லியமாகப் பதியலாம். அவ்வெடிப்பின் காரணத்தை வினவாதவரையில், அவர் நூற்றைம்பது ஆண்டுகளில் ஓரடியும் முன்னேறியவரல்லர்.

இவற்றைக்கொண்டு தெளிவே வேண்டாததென முடிவுசெய்வது பிழையாகும். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் ஏற்பட்ட மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. புளத்கொஹுபிட்டியவில் புதையுண்டவற்றுள் தோட்டத்து லயன் வீடுகளும் அடங்கும். ஒரு புள்ளி முப்பது மீற்றர் நிலத்தைக் குறிக்கும் செய்மதிப் படத்தில், ஒரு லயன் முழுவதும் ஓரிரு புள்ளிகளுள் மறைந்துவிடும். ஒரு புள்ளி சில சென்ரிமீற்றரையே குறிக்கும் ஆளில்லா வானூர்திப் படத்திலோ, லயனின் பின்மேட்டில் விழுந்த வெடிப்பும் தெரியக்கூடும். அங்கே நுணுக்கம் ஆடம்பரமன்று; உயிர்காக்கும் சாதனம்.

எனினும், அப்படமும் தானாக எவரையும் காப்பதில்லை. வெடிப்பு தெரிந்த பின்னர், அதன் கீழ் உறங்கும் குடும்பங்களைப் பாதுகாப்பான நிலத்தில் குடியேற்றும் கடமை, கண்டவரைச் சேர்கின்றது. மங்கிய படத்தை வைத்திருந்தவர் ‘தெரியவில்லை’ என்று கூறித் தப்பலாம். தெளிந்த படத்தை வைத்திருப்பவர்க்கு அச்சாட்டும் இல்லை.

ஆகவே, தெளிவின் பெறுமதியைப் புள்ளிகளின் தொகையிலன்றி, இரு வினாக்களுக்கான விடையிலேயே தேடவேண்டும்: எதனைக் காண்பதற்காக அத்தெளிவு? கண்டபின் செய்யவேண்டியது யாது? லயன் அறையின் உயர்ரகத் திரை முதல் வினாவிலேயே தோற்கின்றது. மலைச்சரிவின் படம் முதல் வினாவில் வெல்கின்றது. இரண்டாம் வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர் மனிதரே.