அரை நாள் மலாக்கா

மலாக்காக் கடலோரம் சேறு படிந்து ஆழம் குறைந்தது. பெரிய உல்லாசக் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டுவிடும். பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வருவார்கள். காலையில் இறங்கியவர்கள் மாலைக்குள் கப்பல் ஏறியாக வேண்டும். அதற்குள் சிவப்பு ஸ்டாட்ஹைஸ், போர்த்துகீசியர் கோட்டையில் மிஞ்சிய வாசல், ஜோங்கர் தெரு, பாட்டு அலறும் திரிஷாவில் ஒரு சுற்று. கொடி பிடித்த வழிகாட்டி முன்னே நடக்க, கழுத்தில் அட்டை தொங்க எல்லாரும் பின்னே. "இதுவும் ஒரு ஊர் பார்க்கிறதா?" என்று நாங்கள் சிரிப்போம். பினாங்குக்குப் போனால் நாங்கள் மட்டும் என்ன செய்கிறோமாம்?

எவ்வளவு நேரம் இருந்தால் ஓர் ஊருக்குப் போய் வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்? மணிக்கணக்கு இதற்கு உதவாது என்றே எனக்குப் படுகிறது.

இந்தத் துறைமுகத்துக்கு அவசரம் புதிது. 15ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர், சரக்கு விற்றதும் கிளம்பிவிட முடியாது. காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் இருந்தாக வேண்டும். சரக்கை வைக்க இடம், சோறாக்க ஆள், காய்ச்சல் கண்டால் கஷாயம் என்று எல்லாவற்றுக்கும் ஊராரைத்தான் நம்ப வேண்டும். வந்தவர்களைக் கவனிக்கச் சுல்தான்கள் ஷாபண்டார் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வரை வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் சீனக் கப்பல்களோடு ரியூக்யூ கப்பல்களும் பொறுப்பு. ரியூக்யூ இன்றைய ஜப்பானின் ஒக்கினாவா. அங்குள்ள நாஹா துறைமுகத்திலும் இப்போது உல்லாசக் கப்பல்கள் ஆளை இறக்கி, பொழுதோடு ஏற்றிக்கொண்டு போகின்றன.

காத்திருந்த தமிழரில் சிலர் இங்கேயே பெண் எடுத்தார்கள். அவர்கள் வழி வந்தவர்களே காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள். வீட்டில் பேச்சு மலாய், பெண்களுக்கு உடை கெபாயா, கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். போகியன்று முன்னோருக்குப் படையல் போட மறப்பதில்லை. துக்காங் எமாஸ் சாலையில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது.

எங்கள் தோட்டத்துப் பாட்டன்மார் கதை வேறு. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறியவர்களுக்கு நாலு காசு சேர்த்துத் திரும்பும் எண்ணமே இருந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டே, கடன் அடையட்டும், மகள் கரையேறட்டும் என்று நாளைத் தள்ளிப்போட்டார்கள். லயத்து வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அரிசி கைமாற்று வாங்கியபோதே அவர்கள் ஊர்க்காரர்களாகிவிட்டார்கள் என்பேன்.

கப்பல் பயணிக்கு அந்தக் கைமாற்றுத்தான் வாய்க்கவில்லை. சாப்பாடு கப்பலில், தண்ணீர் பேருந்தில், மாத்திரை பையில். அவருக்கு எங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. பணம் கொடுத்து வாங்குவதோடு சரி.

ஒருநாள் பிற்பகல், அந்தப் பிள்ளையார் கோயில் வாசலில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, குடையில்லாமல், செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். பூக்கட்டும் அக்கா தன் முக்காலியைத் தள்ளிக் கொடுத்து, "உக்காரும்மா, இது இப்ப விடாது" என்றார், தமிழிலேயே. மழை விடவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமலோ என்னவோ, பாட்டி பூவைத் தொட்டுப் பார்த்தார். அக்கா நூலைக் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு மல்லி, எதிரெதிரே இரண்டு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. பாட்டி இழுத்ததும் பூ பொலபொலவென்று உதிர்ந்தது. "அப்படியில்லம்மா, விரலால அழுத்திப் பிடி" என்று என் பெரியம்மா அதட்டுவது மாதிரியே அதட்டினார். ஒரு சாண் நீளம் தேறுவதற்குள் வழிகாட்டி குடையோடு தேடி வந்துவிட்டார். பாட்டி காசு நீட்ட, அக்கா எனக்குச் சொல்லும் விலையையே அவருக்கும் சொன்னார்: அஞ்சு வெள்ளி.

பாட்டிக்கு அன்று ஜோங்கர் தெரு கிடைக்கவில்லை, கோட்டை வாசலும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கூட்டத்தில் மலாக்காவுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். வழிகாட்டியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். பேருந்து முழுக்க அவருக்காகக் காத்திருந்ததே.