பட்ட பாடும் பெற்ற உரிமையும்

பாடுபட்டவனுக்கே பலன் உரியது என்னும் நியாயம் நம் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறதென்றால், அது செல்லுபடியாகாத இடமும் ஒன்று உண்டோ என்ற சந்தேகம்கூட நமக்கு எளிதில் எழுவதில்லை. உழுதவன் அறுத்துக்கொள்கிறான், கிணறு வெட்டியவன் நீர் இறைத்துக்கொள்கிறான், கண்விழித்துப் படித்தவன் பட்டம் பெறுகிறான். இவற்றில் எவரும் குறை காண்பதில்லை. ஆனால், கல்லும் முள்ளும் நிறைந்த மலையில், மிருகங்கள் அருகிப்போன காட்டில், பசியும் தாகமும் பொறுத்து நாட்கணக்காக அலைந்து, கடைசியில் ஒரு கடமானை வீழ்த்துகிறவன், ‘இவ்வளவு பாடுபட்டேன், ஆகையால் இது என்னுடையது’ என்று சொன்னால், அந்தப் பேச்சை உழவனுடைய பேச்சோடு ஒருங்கே வைத்து எண்ணலாமா என்பதே இங்கே ஆராயத் தக்க விஷயம். வேட்டை சட்டவிரோதமாகிவிட்ட நாட்டில் இந்த விசாரணை எதற்கு என்று கேட்பாரும் இருப்பர். சட்டம் ஒரு செயலைத் தடுக்கும். அச்செயலுக்கு நியாயம் கற்பித்துவந்த எண்ணத்தை விசாரிப்பது அதன் வேலையன்று.

திருவண்ணாமலைச் சீமை இதற்குப் பொருத்தமற்ற களமன்று. ஊருக்கு மேற்கேயுள்ள செங்கமே, பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் தலைவனான நன்னன் இருந்து ஆண்ட செங்கண்மா என்று அறிஞர் கொள்வர். அம்மலைநாட்டுக் குடிகள் வழிவந்த கூத்தருக்கு இட்ட விருந்தில், வேட்டையாடிக் கொணர்ந்த முள்ளம்பன்றியின் இறைச்சியும் இடம்பெற்றிருக்கிறது. வடமேற்கே ஜவ்வாது மலை. சாமை விதைத்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் அங்கே பன்னெடுங்காலமாக இருந்து வருகின்றனர். நாட்டுத் துப்பாக்கியும் சுருக்குக் கண்ணியும் அந்த மலைப்பக்கம் இன்னும் முற்றிலும் மறைந்தபாடில்லை, மறைந்துகொண்டிருப்பவை விலங்குகளே.

இத்தகைய மலையில் கடமானைத் தேடுவது விளையாட்டன்று. கடமான் பெரும்பாலும் இரவில் மேய்ந்து, பகலில் அடர்ந்த புதரின் நிழலில் படுத்துக்கிடக்கும். தேடுகிறவன் கண்ணில் முதலில் படுவது மான் அன்று, மானின் அடையாளங்களே: ஓடைக்கரைச் சேற்றில் இரட்டைக் குளம்பின் தடம், கொம்பு உரசிப் பட்டை உரிந்த இளமரம், வற்றாத குட்டையோரத்தில் உடம்பைப் புரட்டியெழுந்த பள்ளம். தடத்தின் விளிம்பு கூராக நின்றால் நேற்றிரவினது. காய்ந்து உதிர்ந்து மழுங்கியிருந்தால் பழையது. இப்படித் தடம் பார்த்து, காற்றுக்கு எதிர்முகமாகவே நடந்து, சரளைக்கல் உருளாதபடி கால் வைத்து ஏறிப்போகையில், காற்று ஒரு கணம் திசைமாறி முதுகுப்புறத்திலிருந்து வீசினால் போதும். முன்னங்காலால் தரையைத் தட்டி, தகரத்தை அறைந்தாற்போல் ஒரு குரல் எழுப்பி, இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்த உடல் புதருக்குள் மறைந்துவிடும். அன்றைய பாடு முழுவதும் வீண். இத்தனைக்கும் பிறகு மறுநாளும் ஏறுகிறவனிடம் பொறுமை, கூர்மையான கவனம், மலையைப் பற்றிய நுட்பமான ஞானம் ஆகியவை இருப்பதை மறுப்பது அநியாயம்.

வெள்ளைக்காரச் சிகாரிகள் இந்த அருமையையே தங்கள் தர்மமாகப் பிரகடனம் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், கடமானை நாய்களை ஏவித் துரத்தி, ஓடையில் திரும்பி நின்ற மானைக் கையிலிருந்த கத்தியாலேயே குத்திக் கொல்வதில் பெருமை கொண்டு, அதைப் புத்தகமாகவும் எழுதினார். எட்ட நின்று சுடுவது எளிது, நெருங்கிக் குத்துவது அரிது. அரியதே ஆண்மைக்கு உகந்தது என்பது அவர் கட்சி. நாய்க்கூட்டத்தின் நடுவே நிற்கும் மானுக்கு இந்த வேற்றுமை எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதை அவர் எழுதவில்லை. நீலகிரியிலோ துரைமார்களே 1877இல் வேட்டைச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். 1879இல் சென்னை அரசாங்கம் அம்மலைக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. காலவரையறையும் அனுமதிச் சீட்டும் வந்தன. அமெரிக்காவில் 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் தொடங்கிய பூன் - குரோக்கெட் சங்கம், விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பளித்து வேட்டையாட வேண்டும் என்ற விதியை வகுத்தது. இவற்றால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் இந்த விதிகளின் உட்பொருள் கவனிக்கத் தக்கது: வேட்டையில் சிரமம் குறையுமானால் அதன் கௌரவமும் குறைந்துபோகும், ஆகவே சிரமத்தைக் காப்பாற்ற வேண்டும். பாட்டின் அளவே உரிமையின் அளவு என்ற கணக்கு இது.

இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்குமுன், வேடன் தரப்பிலுள்ள வலிமையான வாதத்தைச் சொல்லிவிடுவது நேர்மை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடை வாசலில் பையோடு நிற்கிறவன், தான் வாங்கும் இறைச்சி எந்த உயிரினுடையது, அது எப்படி வளர்ந்தது, எப்படி இறந்தது என்பதை அறிய ஒரு நாளும் முயல்வதில்லை. நெரிசலான கொட்டகையில் நகர இடமின்றி நாற்பது நாள் வாழ்ந்து முடிந்த பிராய்லர் கோழியைப் பணம் கொடுத்துப் பெறுகிறவனுக்கு, சுதந்திரமாகத் திரிந்த ஒரு மானைத் தன் கால் தேய நடந்து கொன்றவனை இகழ என்ன யோக்கியதை இருக்கிறது? வேடன் தான் எடுத்த உயிரை முகம் பார்த்தவன். மற்றவனோ காசைக் கொடுத்துப் பாவத்தைக் கண்காணாத கைகளுக்கு மாற்றிவிட்டவன். வாங்குவார் இல்லையானால் விற்பாரும் இல்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் புலால் மறுத்தலில் வைத்ததும் இந்தத் தந்திரத்தை உணர்ந்துதான். கடையில் வாங்கியுண்பவன் வேடனைக் கடிவதை இந்த வாதம் ஒரேயடியாக அடைத்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை. எனினும், வாங்கியுண்பவன் வழக்கு தோற்பதனால் வேடன் வழக்கு ஜெயித்துவிடாது.

வேட்டையை அரிதாக்குகிற காரணங்கள் இரண்டு. அவற்றைச் சேர்த்துக் குழப்புவதிலேயே எல்லாத் தவறும் பிறக்கிறது. ஒன்று நிலத்தின் கடுமை: செங்குத்தான பாறை, நீரற்ற ஓடை, முட்புதர், வெயில். இவற்றால் விளைகிற துன்பம் வேடனுடையது. அதைத் தாங்கியதற்கான புகழும் அவனுடையது. மற்றொன்று விலங்கின் அருமை. பத்து நாள் அலைந்தும் ஒரு மானைக் காணவில்லையென்றால், அதற்குக் காரணம் அவனுடைய வீரமன்று. அந்த மலையில் மான் இல்லாமற்போனதே. காடு அழிந்ததும், நீர் வற்றியதும், முன்னே வந்தவர்கள் சுட்டுத் தீர்த்ததும் மான்குலத்துக்கு நேர்ந்த துர்ப்பாக்கியங்கள். அந்த இழப்பை வேடன் தன் சாதனைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறான். ஒரு மான் மிஞ்சியிருக்கும் மலையில் அதைக் கொல்வதே எல்லாவற்றினும் அரிய வேட்டையாகும்; எல்லாவற்றினும் பெரிய கேடும் அதுவே. எந்தக் காரணம் அவன் பெருமையை உயர்த்துகிறதோ அதே காரணம் அவன் உரிமையைத் தாழ்த்துகிறது. உழவனுக்கும் வேடனுக்கும் உள்ள பேதமும் இங்கேதான் துலங்குகிறது: உழவன் பட்ட பாடு நிலத்தில் இல்லாத ஒன்றை உண்டாக்கிற்று, வேடன் பட்ட பாடு மானை உண்டாக்கவில்லை, கண்டுபிடிக்க மட்டுமே செய்தது.

அமெரிக்காவின் எல்க் மான் வரலாற்றை எடுத்துக்காட்டி இதை மறுப்பார் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்ட அந்த இனம் இன்று ஏறத்தாழ பத்து லட்சமாகப் பெருகியிருக்கிறது. வேட்டைக்காரர்கள் செலுத்திய உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டாக்கள்மீது விதித்த வரியும் அதற்குப் பெரிதும் உதவின. ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. ஆனால் அது பெருகிய கூட்டத்தில் சிலவற்றை எடுக்க அனுமதிப்பதற்கு நியாயமே தவிர, அருகிய கூட்டத்தில் ஒன்றை எடுப்பதற்கு நியாயமாகாது. அங்கும் உரிமையைத் தந்தது மானின் பெருக்கமே. மலையேறியவனின் வியர்வை அன்று.

நம் இலக்கியம் இந்த விவகாரத்தைக் குறித்து மௌனம் சாதிக்கவில்லை. படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர், காட்டு முயலைத் தப்பாமல் எய்த அம்பைவிட யானையைக் குறிவைத்துப் பிழைத்த வேலையே கையில் ஏந்துவதற்கு இனிதென்றார். அவர் பேசுவது போர்வீரனைப் பற்றி. ஆயினும் அரிய முயற்சிக்கு அதைவிட உயர்ந்த சிறப்பை வேறெவரும் தரவில்லை. இதைச் சிகாரி தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடும். நின்று நினைத்தால் அது அவனுக்கே பாதகமாய் முடிகிறது. குறி தப்பி, யானை உயிரோடு போய்விட்ட பின்னும் வீரனுடைய பெருமை குறைவுபடவில்லை என்றால், அந்தப் பெருமை முயற்சியிலேயே பூரணமாகிவிட்டது என்பதும், கொலை அதனோடு எதையும் கூட்டுவதில்லை என்பதும் தாமே விளங்கும். கோயில்களில் பரிவேட்டை என்று ஓர் உற்சவம் நடக்கிறதே; சுவாமி குதிரை வாகனத்தில் ஆயுதபாணியாக எழுந்தருளி, மேளதாளத்தோடு வேட்டைக்குப் புறப்பட்டுத் திரும்புகிறார். வேட்டையின் கோலாகலம் அத்தனையும் உண்டு, கொலை மட்டும் இல்லை.

பெரியபுராணத்துக்கு வருவோம். திருவண்ணாமலை அக்கினித் தலமானால், காளத்தி வாயுத் தலம். அங்கே வழிபட்ட திண்ணனாரின் கன்னிவேட்டை, தமிழில் பாடப்பட்ட வேட்டைகளிலே மிகக் கடினமானவற்றுள் ஒன்று. வலையறுத்து ஓடிய பன்றியைத் தொடர்ந்து, கூட்டமெல்லாம் பின்தங்க, நாணனும் காடனும் மட்டும் உடன்வர, நெடுந்தூரம் ஓடி மலைச்சாரலில் அதை வெட்டி வீழ்த்துகிறார். அந்தக் காட்சிக்கு முன்பே சேக்கிழார் ஒரு செய்தியை வைத்திருக்கிறார்: கொலைத்தொழிலே குலத்தொழிலாகக் கொண்ட அவ்வேடர்கள்கூட யானைக்கன்றைத் தொடரமாட்டார்கள், சிறு குட்டிகளைக் கொல்லமாட்டார்கள், கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்தமாட்டார்கள். கடினமா, எளிதா என்ற பேச்சு இந்த விதிகளில் எங்கும் இல்லை. பேக்கர் துரை வேட்டையை அளந்தது தன் பக்கத்திலிருந்து. சேக்கிழார் காட்டும் வேடர் அளந்தது கொல்லப்படும் விலங்கின் பக்கத்திலிருந்து. அவ்வளவு பாடுபட்டு வீழ்த்திய பன்றியையும் திண்ணனார் தமதென்று வைத்துக்கொள்ளவில்லை. பதமாக வெந்த துண்டுகளைத் தேர்ந்து காளத்தி இறைவரான குடுமித்தேவருக்குக் கொண்டுபோனார், தம் பசியை மறந்தே போனார். பட்ட பாடு அவரிடம் உரிமையாக வளரவில்லை, கடமையாக வளர்ந்தது.

இனி, விளையாட்டுக்காக அன்றிப் பசிக்காக வேட்டையாடியவனைப் பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் மூடிவிட்டது. வனத்தில் வாழ்வோரின் மரபுரிமைகளை அங்கீகரித்த 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும், மற்ற மரபுகளுக்கெல்லாம் இடந்தந்து, வேட்டையையும் கண்ணி வைப்பதையும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. விலங்குகள் இவ்வளவு அருகிவிட்ட காலத்தில் இந்த விலக்கு சரியே. ஆனால் காட்டைக் கரியாக்கியதிலும் மரத்தைக் கடத்தியதிலும் லாபம் கண்ட சமவெளிக்காரனிடம் ஒன்றும் கேளாமல், மலைவாசியிடம் மட்டும் அவன் பாட்டன் உண்ட உணவைத் துறக்கச் சொல்லியிருக்கிறோம். அவன் சாமைக் கொல்லையைக் காட்டுப்பன்றி ஓரிரவில் உழுதுவிட்டுப் போனால், இழப்பீட்டுக்காக அவனை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது, அந்தத் துறவுக்கு நாம் செய்யும் கைம்மாறாகாது.

நகரவாசியின் கை சுத்தமா என்றால், அதுவும் இல்லை. ரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசுவுக்குப் பக்கத்தில் வள்ளி என்னும் மானுக்கும் சமாதி கட்டி வணங்கும் ஊர் திருவண்ணாமலை; இந்த ஊரார் மானை வேட்டையாட மாட்டார்கள். ஆனால் கோடையில் மலைக்காட்டில் நீர் வற்றியதும் புள்ளிமான்கள் கிரிவலப் பாதையோரம் இறங்கி வருகின்றன. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடந்து முடித்த பின் பாதையின் இருமருங்கிலும் குவிந்துகிடக்கும் எச்சில் தட்டுகளை நம்பித் தெருநாய்கள் கூட்டங்கூட்டமாய்ப் பெருகி நிற்கின்றன. அவற்றின் வாயில் அகப்பட்டு மான் இறப்பது இங்கே புதுச் செய்தியன்று. வாகனத்தில் அடிபட்டுச் சாவதும் உண்டு. பேக்கர் நாய்களைப் பழக்கி ஏவினார். நாமோ சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறோம். பாடுபடாமலே நடந்தேறும் வேட்டை இது.

ஆகவே கிரிவலம் வருகிற அன்பர்கள், அன்னதானம் பெற்று உண்ட தட்டையும் மிச்சச் சோற்றையும் காட்டோரத்தில் வீசாமல், தொட்டி காணும் வரையில் கையிலேயே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்; அன்னமிடுகிற புண்ணியவான்கள் இலையெடுக்கவும் ஆள் வைத்துவிட்டே அடுப்பு மூட்ட வேண்டும்.